நாப்பத்தேழு பெருக்கல் குறி

எங்க ரூம்ல நாலு பேரு. நான் பாண்டித்துரை, ராஸ் அல் கைமாவுல ஒரு டைல்ஸ் கம்பெனியில போர்க்லிஃப்ட் ஓட்டுறேன். வந்து பத்தொன்பது வருசமாச்சு. அடுத்தவன் விஜயபாஸ்கர், எலக்ட்ரீசியன். மூணாவது வெங்கட்ராமன். இப்ப பேக்கிங்ல இருக்கான், அதுக்கு முன்னாடி துபாய் சைட்டுகள்ல எட்டு வருசம் கம்பி கட்டுனவன். நாலாவது ஆளு கார்மேகம். அவன் படுக்குறது என் கட்டிலுக்கு மேல் தட்டு. அவன் கவலைப்பட்டுப் புரண்டா எனக்குத்தான் கட்டில் ஆடும். அதனால அவன் கவலை எல்லாத்துலயும் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

கார்மேகத்துக்குக் கமுதிப் பக்கம். நமக்கு முதுகுளத்தூரு, அதனால பேச்சு ஒத்துப்போகும். அவனுக்கு வேலை சார்ட்டிங்ல. சூளையிலருந்து வெந்து வர்ற டைல் எல்லாம் பெல்ட்டுல வரிசையா வரும். இவன் விளக்குக்கு அடியில நின்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். ஊசிமுனைக் குழி, மயிரிழைக் கீறல், நெறத்துல ஒரு துளி மங்கல், எது இருந்தாலும் கண்டுபிடிச்சு ஒதுக்கணும். பன்னெண்டு மணி நேரமும் குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் சம்பளம். அதுல அவனை அடிச்சுக்க கம்பெனியில ஆள் கெடையாது. ஆனா அந்தக் கண்ணைக் கம்பெனியிலயே கழட்டி வச்சுட்டு வர அவனுக்குத் தெரியலை. மெஸ்ல சப்பாத்தி குடுத்தா நாலு ஓரமும் திருப்பிப் பார்த்துட்டுத்தான் பிய்ப்பான். நான் ஒருநா அரை மணி நேரம் செலவழிச்சு மீசையைக் கத்தரிச்சுட்டு வந்தா, எடது பக்கம் ரெண்டு முடி கூட நிக்கிதுண்ணேங்குறான். வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்.

இந்த ஆளு போர்வை தைக்க ஆரம்பிச்சதே ஒரு குத்தம் கண்டுபிடிச்சுத்தான். மூணு வருசத்துக்கு முன்னாடி பக்கத்து ரூம்ல ஒரு சிந்திக்காரரு இருந்தாரு, டிரெய்லர் டிரைவரு. அவங்க ஊர்ல துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைச்சு ஒரு போர்வை பண்ணுவாங்க, ரல்லின்னு பேரு. கார்மேகத்துக்குக் காய்ச்சல் வந்து ஏசிக் குளிர்ல நடுங்குனப்ப அதை எடுத்தாந்து போர்த்திவிட்டாரு மனுசன். மூணு நாளு அதுக்குள்ளேயே கெடந்தான். காய்ச்சல் விட்டதும் நம்மாளு என்ன பண்ணணும்? சுக்ரியா பாய்னு சொல்லித் திருப்பிக் குடுக்கணும். இவன் விரிச்சு வச்சுப் பார்த்துட்டு, மூணு எடத்துல கோணலா இருக்குண்ணே, நான் தைச்சா கோணாது அப்படின்னான்.

துணிக்குப் பஞ்சமில்லை. நாங்க தங்கியிருக்குற கேம்ப் வாசல்ல பலசரக்குக் கடை வச்சிருக்காரு முகம்மது ரிபாய், கீழக்கரைக்காரரு. அவரோட மச்சான் துபாய் சத்வாவுல லேடீஸ் டெய்லரு. வாரத்துக்கு ஒருக்கா சாமான் வேன்ல ஒரு பை வெட்டுத் துணி வந்துரும். கவுனுக்கு வெட்டுன சாட்டின், பள்ளிக்கூடக் கட்டம்போட்ட துணி, திரைச்சீலைப் பூ, அரபிக்காரங்க அங்கி தைக்கிற கந்தூரா வெள்ளை, எல்லாம் கலந்து கெடக்கும். கார்மேகம் அதைத் தரம் பிரிச்சு, தேய்ச்சு, சதுரமா வெட்டி அடுக்கி வைப்பான் பாருங்க, கண்ணுக்கு அழகா இருக்கும். கையும் சும்மா சொல்லக்கூடாது, தையல் எறும்பு வரிசை கணக்கா போகும். ஆனா ஒரு போர்வையும் முடியாது. ரெண்டு நூல் ஏறிப்போச்சுன்னு பிரிப்பான். பச்சைக்குப் பக்கத்துல ஊதா இருக்கக்கூடாதுன்னு பிரிப்பான். ஒரு போர்வையைப் பதினோரு தடவை பிரிச்சான், கடைசியில துணி நைஞ்சு போயி தூக்கிப் போட்டான். மூணு வருசத்துல நாலு போர்வை ஆரம்பிச்சு, போர்த்திக்கிறதுக்கு ஒன்னுகூட இல்லை. இருக்கட்டும்டா, எனக்கொன்னு குடு, நான் கண்ணை மூடிக்கிட்டுத்தானே போர்த்துறேன்னு கேட்டேன். இன்னும் சரியா வரலைண்ணேங்குறான்.

நம்மகிட்ட இப்படிச் சொன்னாப் பரவால்லை. பொண்டாட்டிகிட்டயும் அதே பாட்டுத்தான். ராதிகான்னு பேரு, நல்ல வாய்த்துடுக்கான புள்ளை. கல்யாணத்துக்கு ஒரு போர்வை தைச்சுக் கொண்டாறேன்னு சொல்லிட்டு வெறுங்கையோட போயிருக்கான். அப்புறம் வளைகாப்புக்குன்னான், அனுப்பலை. கல்யாணம் முடிஞ்சு இங்க திரும்பி வந்த ரெண்டாம் மாசமே அந்தப் புள்ளை உண்டாயிருச்சுன்னு தெரிஞ்சுச்சு, பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு, அதுக்கும் பதினாலு மாசம் ஆகிப்போச்சு. இன்னும் நேர்ல பார்க்கலை, எல்லாம் போன்லதான். இந்த வைகாசியில கொலசாமி கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்து வச்சிருக்காங்க, லீவு கெடைச்சுருச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. அப்ப ராதிகா சொல்லிருக்கு: புலிப் படம் போட்ட கடைப் போர்வையைத் தூக்கிட்டு வந்துறாதீங்க, தெருவுல எட்டு வீட்ல கெடக்கு. நீங்க தைச்சதைக் கொண்டாங்க. இந்தத் தடவையும் இல்லைன்னா, இனிமே நீங்க போன்ல சொல்றது எதையும் நான் நம்ப மாட்டேன், பாப்பாவுக்கும் அப்பா வாறாரு வாறாருன்னு சொல்ல மாட்டேன்னு. வெளையாட்டாச் சொன்ன மாதிரிதான் இருந்துச்சாம், ஆனா அவன் மொகம் அன்னைக்கு விழுந்தது விழுந்ததுதான்.

அதுலருந்து ஒரே ஓட்டம். பாப்பாவுக்கு ஒரு சின்னப் போர்வை. மேல வண்ணத் துண்டுங்க, நடுவுல பழைய கம்பளி, அடியில காடாத் துணி. மூணையும் சும்மா பிடிப்புக்கு நெட்டையா ஓட்டுத் தையல் போட்டு நிறுத்திட்டான். இனி மேலருந்து அடிவரைக்கும் ஊசி போய் வந்து இறுக்கித் தைக்கணும், அதான் பாக்கி. பத்து நாள் இருந்துச்சு. அந்தப் பத்து நாளும் நம்மாளு ஊசியைத் தொடலை. டூட்டி முடிஞ்சு வந்து குளிச்சுட்டு, போர்வையை மடியில போட்டுக்கிட்டு, டெய்லர் சாக்கட்டியால அங்கங்க பெருக்கல் குறி போட்டுக்கிட்டே இருந்தான். என்னடா இதுன்னு கேட்டா, இருக்கட்டும்ணே, வேலை இருக்குன்னு சொல்லி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். சரி, நமக்கெதுக்குன்னு விட்டுட்டோம்.

திங்கக்கெழமை மத்தியானம் ஷார்ஜாவுலருந்து திருச்சிக்கு பிளைட்டு. முந்தின நாளு ஞாயிறு, எங்களுக்கு லீவு. அன்னைக்குன்னு பார்த்து சார்ட்டிங்குக்கு மட்டும் ஓவர்டைம் போட்டு, காலையில ஆறு மணிக்கே அவனைப் பஸ்ல ஏத்திட்டாய்ங்க. பத்து மணி இருக்கும், வெங்கட்ராமன் கறியை மசாலாவுல பெரட்டிக்கிட்டு இருக்கான், என் போன் அடிக்குது. ராதிகா. அவரு எடுக்கலை, டூட்டியான்னு கேட்டுச்சு. ஆமா தாயின்னேன். அப்புறம் கொஞ்சம் தயங்கி, போர்வை முடிஞ்சுருச்சாண்ணேன்னு கேட்டுச்சு. அந்தக் கொரல்ல துடுக்கே இல்லை. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

"முடிஞ்சுருச்சு தாயி. மடிச்சு வச்சாச்சு"ன்னு சொல்லிட்டேன்.

போனை வச்சுட்டுத் திரும்புனா ரெண்டு பேரும் என்னையே பார்க்குறாய்ங்க. அண்ணே, எந்த ஊர்ல முடிஞ்சுச்சுங்குறான் விஜயபாஸ்கரு. பத்தொன்பது வருசமா வூட்டுக்கு நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொன்ன வாய், அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு. சொன்னதுக்கப்புறம் ஒன்னுதான் வழி, அதை நெசமாக்கணும். போர்வையை எடுத்துத் தரையில பாய் போட்டு விரிச்சோம்.

விரிச்சதும் விஜயபாஸ்கரு கையைத் தட்டுனான். அண்ணே, பையன் ரொம்ப வெவரம், எங்கெங்க தைக்கணும்னு மார்க் பண்ணி வச்சுட்டுப் போயிருக்கான் பாருங்க அப்படின்னான். நான் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன், ஆமா. செவத்துல பெருக்கல் போட்டிருந்தா அங்கதான் ட்ரில்லிங் போடணும், அது எலக்ட்ரீசியன் கணக்கு. கம்பியில சாக்பீஸ் குறி இருந்தா அங்கதான் கட்டுப் போடணும், அது வெங்கட்ராமன் கணக்கு. குறி இருந்தா வேலை அங்கதான், இதுல யோசிக்க என்ன இருக்கு? எண்ணிப் பார்த்தோம், நாப்பத்தேழு. சாயந்தரத்துக்குள்ள முடிச்சுரலாம்னு கணக்குப் போட்டோம்.

நூலுக்கு ரிபாய் பாய் கடைக்கு ஓடுனேன். வெள்ளை தீர்ந்துபோச்சு. செவப்பு, பச்சை, அப்புறம் வேலைக்கு மாட்டுற கவராலுக்குப் போடுற ஆரஞ்சு, இதுதான் இருக்குன்னாரு. குடுங்க பாய், தாங்குனாச் சரின்னு வாங்கிட்டேன். விசயத்தைக் கேட்டதும் கடையைப் பையன்கிட்ட ஒப்படைச்சுட்டு அவரும் கெளம்பிட்டாரு. வூட்லருந்து நெய்ச்சோத்துச் சட்டியும் கூடவே வந்துச்சு. அவரு பொண்டாட்டி ஜுலைஹா பீவி நெய்ச்சோறு ஆக்குனா கேம்ப் காம்பவுண்டு தாண்டி வாசம் வரும். வெளியில வெயில் கொளுத்துது, மலைப்பக்கம் ஒரே சிமெண்ட்டுப் புழுதி, உள்ள நாலு ஆம்பளைங்க ஒரு சின்னப் புள்ளைப் போர்வையைச் சுத்தி உட்கார்ந்து ஊசியில நூல் கோக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருக்கோம். நூல் கோக்கவே அரை மணி நேரம் போச்சு.

வெங்கட்ராமன் கம்பிக் கட்டு மாதிரியே குறுக்க ரெண்டு சுத்து சுத்தி முறுக்கி முடிச்சுப் போட்டான். பத்து மாடி ஏறுனாலும் அவுறாதுன்னான். விஜயபாஸ்கரு ஒயர் ஜாயின்ட்டு மாதிரி நறுவிசா, சின்னதா. பாய் பார்சல் கட்டுறாப்புல ஒரு இழுப்பு, ஒரு முடிச்சு, பல்லால ஒரு கடி. என்னுது சாக்கு வாய் தைக்கிற தையல், பெருசா நிக்கும், ஆனா உண்மையா நிக்கும். சோத்தைத் தின்னோம், கைய கழுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். ஊர்க் கதை ஓடுச்சு. பாய் தன் மகளுக்கு மொதப் பல்லு முளைச்சதைச் சொன்னாரு, வெங்கட்ராமன் ஒரு பாட்டு பாடுனான், சகிக்கலை. எத்தனையோ லீவு நாள் தூங்கியே கழிச்சிருக்கோம், இப்படி ஒரு நாளு எங்களுக்கு வாய்ச்சதே இல்லை. அஞ்சரை மணிக்கு நாப்பத்தேழாவது குறியில முடிச்சுப் போட்டாச்சு. சாக்கட்டிப் பொடியைத் தட்டிவிட்டு, மேல் தட்டுல அவன் படுக்கையில விரிச்சு வச்சோம். புது மாப்பிள்ளை கணக்கா நாலு பேரும் வரிசையா நின்னோம்.

ஆறரைக்கு வந்தான். மூஞ்சி தலையெல்லாம் வெள்ளைத் தூசி. நாங்க சிரிச்சுக்கிட்டே நிக்கிறோம். அவன் பார்த்தான். கைய கழுவிட்டு வந்து போர்வையை எறக்கித் தரையில போட்டுக் குத்தவச்சான். ஒவ்வொரு முடிச்சையும் வெரலால தொட்டுப் பார்த்துக்கிட்டே போனான். ஒரு சுத்து முழுசும் வந்துட்டு, அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

"அண்ணே, அந்தக் குறி தைக்கிறதுக்குப் போட்டது இல்லண்ணே. தப்பா இருக்குன்னு பிரிக்கிறதுக்குப் போட்டது."

அவன் எதைக் குத்தம்னு ஒதுக்கி வச்சானோ, அதை நாப்பத்தேழையும் தேடிப் புடிச்சு, செவப்பும் பச்சையும் ஆரஞ்சுமா கோட்டை கட்டி வச்சிருக்கோம். பாய் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிஞ்சாரு. வெங்கட்ராமன் மெல்ல வாசப்பக்கம் நகர்ந்தான். கார்மேகம் சின்னக் கத்தரியை எடுத்தான். மொத மொத என் தையல்லதான் வச்சான். ஒன்னை வெட்டுனான், ரெண்டாவது வெட்டுனான். மூணாவது வெங்கட்ராமன் முடிச்சு, அது அசையலை, கத்தரி முனைதான் வளைஞ்சுச்சு.

எனக்கு வெக்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நாளைக்கு மத்தியானம் பிளைட்டை வச்சுக்கிட்டு எதைடா பிரிக்கிறன்னு கத்திட்டேன். ராதிகா போன் பண்ணுனதைச் சொன்னேன். நான் பொய் சொன்னதையும் சொன்னேன். அந்தப் புள்ளை கொரல் எப்படி இருந்துச்சுன்னும் சொன்னேன். ஒரு கோணத் தையலுக்காகவா பொண்டாட்டி புள்ளைகிட்ட வெறுங்கையோட போயி நிக்கப் போறன்னு கேட்டேன்.

அவன் கத்தரியைக் கீழ வச்சான். அப்புறம் போர்வையைப் பார்த்துக்கிட்டே சொன்னான்.

"தையல்னு இல்லண்ணே. போன்ல பார்க்குறப்பவே சில நாளு பாப்பா மூஞ்சியைத் திருப்பிக்கிது. நேர்ல என்னைப் பார்த்து அழுதுருச்சுன்னா என்ன செய்ய? இந்தப் போர்வையாவது ஒரு குத்தமும் இல்லாம இருக்கணும்னு நெனைச்சேன். நான் தகப்பன்னு காட்டுறதுக்கு என்கிட்ட வேற என்ன இருக்கு?"

விஜயபாஸ்கருதான் பட்டுன்னு சொன்னான், "அழத்தான் செய்யும். எம் மகன் என்னைப் பார்த்துட்டு திருடன்னு பக்கத்து வீட்டைக் கூப்பிட்டான். அவுகளும் கம்போட வந்துட்டாக." பாய்க்குச் சிரிப்பு பொத்துக்கிச்சு. அவரு சிரிக்கவும் வெங்கட்ராமன் சிரிக்க, பார்த்தா கார்மேகமும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே சிரிக்கிறான்.

சிரிச்சு முடிச்சுட்டு அவன் போர்வையைத் தூக்கி உதறுனான். அப்பத்தான் ஒன்னு தெரிஞ்சுச்சு. வலது பக்கம் கீழ் மூலை மட்டும் தொளதொளன்னு தனியாத் தொங்குது. கம்பளி ஒரு பக்கம், காடாத் துணி ஒரு பக்கம். ஏன்னு பார்த்தா, அந்த மூலையில ஒரு குறிகூட இல்லை. அவன் கண்ணுக்கே குத்தம் தெரியாத எடம் அது ஒன்னுதான், அதனால நாங்க அங்க கைய வைக்கலை. மத்த எடமெல்லாம் கல்லு மாதிரி இறுகி நிக்கிது, சரியா இருந்த எடம் மட்டும் பிரிஞ்சு கெடக்கு. கார்மேகம் அந்த மூலையைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

அப்புறம், செவப்பு நூல் மிச்சம் இருக்கான்னு கேட்டான். நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே பாயில சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சாக்கட்டியைத் தொடலை. நேரா ஊசியை எறக்குனான். மொதத் தையல் கோணிக்கிட்டுத்தான் போச்சு. நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். பிரிக்கலை. அடுத்ததைப் போட்டான். முக்கால் மணி நேரத்துல மூலையை முடிச்சு, நான் தைச்சு அவன் வெட்டுன ரெண்டு எடத்தையும் என்கிட்டயே காட்டி, நீங்களே போடுங்கண்ணேன்னான். போட்டேன். மிச்சம் இருந்த நெய்ச்சோத்தைச் சட்டியோட அவன் ஒருத்தனே தின்னான். மறுநாளு காலையில பெட்டியில எல்லாத்துக்கும் மேல போர்வையை வச்சு மூடுனான்.

அவன் போயி ஒரு வாரம் சத்தமே இல்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளலை, என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு. ஒம்பதாவது நாளு, டீ குடிக்கிற நேரம், போடிம் ஆப்புல வீடியோ கால் போட்டான். வெங்கட்ராமனும் விஜயபாஸ்கரும் என் தோள் மேல ஏறி நின்னுதான் பேசுனாய்ங்க. காதுகுத்து நல்லபடியா முடிஞ்சுச்சாம். பாப்பா அழுதுச்சாடான்னு கேட்டேன்.

அழுதுச்சாம். பார்த்த நிமிசமே வீல்னு கத்தி ராதிகா தோள்ல மொகத்தைப் பொதைச்சுக்கிச்சாம். ரெண்டு நாளு இவன் இருக்குற பக்கமே வரலையாம். மூணாம் நாளு ராதிகா போர்வையைக் கூடத்துல விரிச்சுப் புள்ளையை ஒரு ஓரத்துல விட்டுட்டு, நீங்க அந்த ஓரத்துல உட்காருங்க, ஒன்னும் பேசாதீங்கன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிருச்சாம்.

"மொத ஒரு பச்சை முடிச்சைக் கண்டுச்சுண்ணே. ரெண்டு வெரலால கிள்ளிப் பார்த்துச்சு. வரலை. தவந்து வந்து அடுத்ததைப் புடிச்சு இழுத்துச்சு. வெங்கட்டு முடிச்சை வாயில வச்சே கடிச்சுப் பார்த்துருச்சு. அப்படியே ஒவ்வொன்னா, ஒவ்வொன்னா, என் முட்டி வரைக்கும் வந்துருச்சு. அதுக்கு மேல முடிச்சு இல்லை. நிமிந்து பார்த்துச்சு. என் சட்டைப் பட்டனைப் புடிச்சு இழுத்துச்சுண்ணே, அப்படியே மடியில ஏறி உட்கார்ந்துருச்சு."

வெங்கட்ராமன் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு அந்தப் பக்கம் போயி மூக்கைச் சிந்துனான். எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. நான் பேச்சை மாத்துறதுக்காக, போர்வையை ராதிகா என்ன சொல்லுச்சுடான்னு கேட்டேன். இவன் சிரிக்கிறான். அவ என்னத்தைச் சொல்ல, தெனமும் அதுலதான் புள்ளை மூத்திரம் போகுது, துவைச்சுப் போட்டா காயுற வரைக்கும் வீட்டையே ரெண்டு பண்ணுது, மாத்துக்கு ஒரு போர்வை வேணும்னு உசுரை எடுக்குறா, அதான் இங்கயே ஒன்னு தைக்கிறேன்னான்.

மறுபடியும் மொதல்லருந்தா? எப்படா ஆரம்பிச்சன்னு கேட்டேன். நேத்துத்தான்ணே, நாளைக்கு முடிஞ்சுரும்னான். நாளைக்கா? டேய், அளவெல்லாம் சரியா எடுத்தியாடான்னு நானே கேட்டுட்டேன்.

"பாப்பா எங்கண்ணே எடுக்க விட்டுச்சு. டேப்பை இழுத்துக்கிட்டுத் தவந்தே ஓடிருச்சு. நான் கையாலயே சாண் போட்டுத் தைக்கிறேன்."

போன்ல அந்தப் பக்கம் புள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. இருங்கண்ணேன்னு சொல்லிட்டு, போனை அப்படியே தரையில போட்டுட்டுத் தொரத்திக்கிட்டு ஓடிட்டான். நாங்க மூணு பேரும் போன்ல தெரிஞ்ச ஓட்டு வீட்டு உத்திரத்தைப் பார்த்துக்கிட்டு, டீ ஆறுற வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நின்னோம்.